வயலட் வீட்டு உபவாசம்

பசிக்கிறதை முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருப்பதற்குத்தான் உபவாசம் என்று பெயர் போலிருக்கிறது என்று எப்சிபாய் நினைத்துக்கொண்டாள். வயலட் வீட்டு ஹாலில் சோபாக்களைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு நடுவில் ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். முட்டி மடங்குகிறவர்கள் கீழே, மடங்காதவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில். எப்சிபாய்க்கு முட்டி நன்றாகவே மடங்கும், ஆனாலும் கடைசி வரிசையில் ஜன்னலை ஒட்டின நாற்காலியைப் பிடித்திருந்தாள். அங்கே இருந்தால் எல்லார் முதுகையும் பார்க்கலாம். முகத்தைத்தான் எல்லாரும் பழக்கி வைத்திருக்கிறார்கள், முதுகைப் பழக்க இன்னும் யாருக்கும் தோன்றவில்லை. அடுக்களையிலிருந்து பட்டையும் கிராம்பும் நெய்யில் வெடிக்கிற வாசனை வந்தது. கூட்டம் முடிந்ததும் பிரியாணி. காலை இட்லியைத் தள்ளிவைத்து மத்தியானப் பிரியாணிக்கு வயிற்றில் இடம் பண்ணுவதையெல்லாம் உபவாசம் என்று கர்த்தர் ஏற்றுக்கொள்வாரா, ஏற்றுக்கொள்வார், அவருக்கு என்ன, எதைக் கொடுத்தாலும் வாங்கி வைத்துக்கொண்டு பதில் பேசாமல் இருக்கிறவர்தானே. வயலட் நிமிஷத்துக்கு ஒருதரம் எழுந்து அடுக்களைக்குப் போனாள். போகிற வழியெல்லாம் "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று வாய் முணுமுணுத்தது. உள்ளே போனதும் சமையல்காரியிடம் "தண்ணி ஜாஸ்தி வச்சிராத, போன தடவ குழஞ்சு போச்சு" என்று சொன்னது ஹால் முழுக்கக் கேட்டது. வெளியே வரும்போது மறுபடியும் ஸ்தோத்திரம். அவள் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான், அங்கேயே நிரந்தரமாக இருந்துவிட அனுமதி கிடைக்க வேண்டும், அதற்குத்தான் இந்தக் கூட்டம். பெற்ற பிள்ளை திரும்பி வரக்கூடாது என்று பட்டுச்சேலை கட்டி வந்து மன்றாடுகிற தாயை இந்தப் பாளையங்கோட்டையில்தான் பார்க்க முடியும்.

முன்னால் மைக்கோடு நின்றவர் பிரதர் எட்வின். ஒரு காலத்தில் இன்சூரன்ஸுக்கு ஆள் பிடித்தவர். எப்சிபாய் நர்ஸாக வேலை பார்த்த வார்டுக்கே வந்து, மருந்து டிராலிக்குக் குறுக்கே நின்றுகொண்டு, "சிஸ்டர், மனுஷனுக்கு எப்ப என்ன வரும்னு யாருக்குத் தெரியும்" என்று கையெழுத்து வாங்கப் பார்த்தவர். இன்றைக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார், கம்பெனி மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு ஹாலுக்குள் இருக்கிற ஜனத்துக்கு மைக் எதற்கு. அதிலும் எதிரொலி வைத்த மைக். சொன்ன சொல்லெல்லாம் இரண்டு தடவை வந்து விழுந்தது. "ஆண்டவரை நாளைக்குத் தேடலாம்னு இருக்காதீங்க. இன்னைக்கே தேடுங்க. இந்த நேரமே தேடுங்க." தேடு தேடு என்கிறார்கள், தொலைந்துபோன சாவியா அவர், ஒளிந்து விளையாடுகிற வயதா அவருக்கு. இருக்கிறவர் இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. "இங்கே ஒரு சகோதரி இருக்கீங்க, ரொம்ப நாளா முதுகு வலி, கர்த்தர் உங்களைப் பார்க்கிறார்" என்றார் எட்வின். மூன்று பெண்கள் கை தூக்கினார்கள். பிள்ளை பெற்று, குடம் சுமந்து, குனிந்து பெருக்கின எந்தப் பெண்ணுக்கு முதுகு வலிக்கவில்லை. இதைச் சொல்ல தேவ வெளிப்பாடு வேண்டாம், ஆஸ்பத்திரி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினால் போதும். "இன்னொரு சகோதரர், தூக்கம் இல்லை, உள்ளுக்குள்ள ஒரு பயம்" என்றார் அடுத்தபடி. அப்போது முன்வரிசையில் ஒரு கை மேலே போனது. அந்தக் கையைப் பார்த்ததும் எப்சிபாய்க்கு முகம் சுருங்கியது. அது மனாசேயின் கை. அவள் புருஷன்.

முன்வரிசையில், ஜமுக்காளத்தில் முழங்காலிட்டு, நெற்றி தரையில் முட்டும்படி குனிந்திருந்தார் மனாசே. மின்சார வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உள்ளங்கால்கள் இரண்டும் வெடித்து வெளியே தெரிந்தன. தோள் குலுங்கியது. அழுகிறார். இத்தனை பேர் முன்னால், வயலட் பார்க்க, வயலட்டின் சமையல்காரி பார்க்க. இந்த மனுஷன் கோயிலில் எப்படி இருந்தவர் என்று எப்சிபாய்க்குத் தெரியாதா. ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, பாதிரி ஐயர் பிரசங்கத்துக்கு ஏறினதும் மெதுவாக எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், இவரைப்போல நாலு பேரோடு நின்று ஊர்க்கதை பேசிவிட்டு, காணிக்கைப் பாட்டுக்குச் சரியாக உள்ளே வருவார். கர்த்தரும் அவரும் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள். அது ஒரு மரியாதை. கிறிஸ்மஸ் கழிந்து என்ன பிடித்ததோ தெரியவில்லை, விடியும் முன்னே எழுந்து ஸ்டோர் ரூமுக்குள் போய் அரிசி டிரம்மைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார். சுவர் வழியாக முனகல் வரும். வார்த்தை விளங்காது, வலிக்கிறவன் முனகுகிற மாதிரி ஒரு சத்தம். வார்டில் இப்படி முனகினால் ஊசியைப் போட்டுத் தூங்க வைத்திருப்பேன் என்று போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அப்புறம் எட்வின் பின்னால் அலைச்சல், செவ்வாய்க்கு ஒரு வீடு, வெள்ளிக்கு ஒரு வீடு. கூட வா கூட வா என்று கெஞ்சினதில் இன்றைக்கு வந்து தொலைத்தாள். வந்ததற்கு இந்தக் காட்சி. சட்டை தோளில் நிற்காமல் நழுவியது. உபவாசம் இருந்தால் மெலியத்தான் செய்வார்கள். பெல்ட்டில் ஆணியைச் சுட்டு அவரே புதிதாக ஓட்டை போட்டிருந்தார், அதுவும் உபவாசம்தான். ராத்திரியெல்லாம் கையையும் வயிற்றையும் சொறிந்துகொண்டு புரள்கிறார், அது புதுச் சோப்பு, சோப்பை மாற்றச் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து ஏன் சொல்லவில்லை, சொறிச்சல் என்றால் தோலில் தடிப்பு இருக்க வேண்டும், தடிப்பு இருந்ததா, பார்க்கவில்லை, யார் பார்த்தது. போன மாதத்திலிருந்து கறுப்புக் கண்ணாடி வேறு. கண் கூசுதாம். புரையாக இருக்கும். வயதுக்கு வருகிறதுதான். மெலிவு உபவாசம், சொறி சோப்பு, கண்ணாடி புரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள். தனித்தனியாக வைத்தால் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் வைக்கத்தான் கூடாது.

வேறு எதையாவது நினைக்கலாம். அழுகையை நினைக்கலாம். இந்தக் கண்ணீர் அன்றைக்கு எங்கே போயிருந்தது. கல்யாணமான இரண்டாம் வருஷம் குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, கைக்குள் அடங்குகிற பெண் பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அப்போது எப்சிபாயும் தேடினாள். எட்வின் சொல்லிக்கொடுக்காமலே தேடினாள். தையல் பிரிகிற வலியோடு படியிறங்கி ஆஸ்பத்திரிக் கோயிலுக்குள் போய், பூட்டின கதவைக் காவலாளியிடம் கெஞ்சித் திறக்க வைத்து, கல்தரையில் விழுந்து தேடினாள். என்னை எடுத்துக்கொள்ளும் என்றாள், வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள், சொல்லத் தெரிந்ததையெல்லாம் சொன்னாள். மேலே போனபோது பெட்டி காலியாக இருந்தது, துடைத்துக்கொண்டிருந்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்த மனாசே கை கால் கழுவி, சட்டையை மாற்றி, "இருந்து என்ன செய்ய, ஆபீஸுக்குப் போயிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தார். ஒரு சொட்டு இல்லை. அதற்குப் பிறகு பிள்ளையும் இல்லை. அவள் கோயிலுக்குப் போவதை விடவில்லை, ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி போனாள், கார்டு இருக்கிறது, போகாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். ஆனால் கேட்பதை விட்டுவிட்டாள். அந்த வாயை அந்தக் கல்தரையிலேயே விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்கு அழாத மனுஷன் இப்போது தன் ஒருவனுக்காக உட்கார்ந்து அழுகிறார். சொந்த உயிர் என்றால் எல்லாருக்கும் தண்ணீர் ஊறும். சொந்த உயிர். ஏன் அப்படி நினைத்தாள். உயிருக்கு என்ன வந்தது இப்போது. நினைப்பு போய் முட்டின இடத்தைப் பார்த்து அவளே கொஞ்சம் பின்வாங்கினாள்.

"எல்லாரும் வாயைத் திறங்க" என்றார் எட்வின். "அவங்கவங்க பாரத்தை அவங்கவங்க சொல்லுங்க. மெதுவா இல்ல, சத்தமா. பக்கத்துல இருக்கிறவங்களைப் பார்க்காதீங்க." ஹால் சந்தைக்கடை ஆனது. ஆளாளுக்கு ஒரு ராகம், ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மருமகளைப் பற்றி முறையிட்டாள், ஒருவர் நிலத்தகராறை சர்வே நம்பரோடு சொல்லிக்கொண்டிருந்தார். கேட்கிறவர் பாவம் என்று எப்சிபாய்க்குத் தோன்றியது, அவர் பேசாமல் இருப்பதில் ஆச்சரியமே இல்லை, எந்தக் காதால் எதைக் கேட்பார். அப்போது வெயில் நகர்ந்து ஜன்னல் வழியாக முன்வரிசையில் விழுந்தது. மனாசேயின் பிடரியில் விழுந்தது. எப்சிபாய் அந்தப் பிடரியைப் பார்த்தாள். மஞ்சள் தெரிந்தது, சுவரின் நிறம் அடிக்கிறது என்று நினைத்தாள். சுவர் வெள்ளை. திரைச்சீலை நிறமாக இருக்கும். திரைச்சீலை நீலம். அதே வெயில் எட்வினின் கழுத்திலும் விழுந்திருந்தது, அந்தக் கழுத்து கறுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு, கழுத்து மாதிரி இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது என்று அவள் பிரித்துப் பிரித்து வைத்திருந்ததெல்லாம் தானாக நகர்ந்து ஒன்றோடு ஒன்று சேர்ந்துகொண்டது. முப்பது வருஷத்துக்கு மேல் அடுத்தவன் கண் இமையை இழுத்து இழுத்துப் பார்த்தவள், ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு இந்த முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய். இளக்காரம் பண்ணிக்கொண்டிருந்தேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். கைகளுக்கும் தலைகளுக்கும் நடுவே வழி பண்ணிக்கொண்டு முன்னால் போய் மனாசே பக்கத்தில் முழங்காலிட்டாள். அவர் கவனிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். அவள் காதை அவர் வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். சுகம் தாரும் என்று கேட்பார், மன்னியும் என்பார், ஆயுசு கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொன்னது அதெல்லாம் இல்லை.

"என்னன்னு சொல்லும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார் மனாசே. "எனக்கு என்னன்னு மட்டும் சொல்லிரும். என்னன்னு சொல்லும்."

எப்சிபாய்க்கு முதலில் வந்தது கோபம். ஸ்டோர் ரூமில் இத்தனை நாள் முனகினது இதைத்தானா. இதைக் கேட்கவா விடியுமுன் எழுந்து அரிசி டிரம்மைக் கட்டிப்பிடித்தீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருந்தவள் யார். ஊரில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் என் வாசலில் வந்து நிற்கிறான், இவருக்கு மட்டும் வானத்திலிருந்து ஆள் இறங்கி வந்து நாடி பிடிக்க வேண்டும். அவர் காதில் வாயை வைத்து, வார்டுக் குரலில் கேட்டாள்.

"எங்க வலிக்கு?"

மனாசே திடுக்கிட்டுத் திரும்பினார். கண்கள் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அந்த மஞ்சளுக்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

"வலின்னு பெருசா இல்ல, எப்சி" என்றார். "நெஞ்சுக்குக் கீழ ஒரு கனம். சாப்பிட்டா கூடுது."

"எத்தன நாளா?"

"கிறிஸ்மஸுக்கு முன்னாலயே."

"ஒண்ணுக்குப் போனா என்ன நிறம்?"

"பால் ஊத்தாத கட்டன்சாயா மாதிரிப் போகுது."

சுற்றிலும் எல்லாரும் கத்திக்கொண்டிருந்ததால் இவர்கள் பேசினது யாருக்கும் கேட்கவில்லை. பார்த்தவர்களுக்கு, புருஷனும் பெண்டாட்டியும் தலையோடு தலை முட்டி ஜெபிக்கிற மாதிரி இருந்திருக்கும். வயலட் பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்ட்ட ஏன் சொல்லல?" என்றாள் எப்சிபாய்.

"உன்ட்ட சொன்னா நீ பாத்த உடனே சொல்லிருவ" என்றார்.

"அவர்ட்ட மட்டும் கேட்டீங்களே?"

"அவரு சொல்ல மாட்டாருல்லா."

இளக்காரமாக ஒன்று எப்சிபாயின் நாக்கு நுனிவரை வந்தது, வந்ததும் ருசி கெட்டுப்போனது. பதில் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே பதில் சொல்லாதவரிடம் போய் இந்த மனுஷன் நாள் தவறாமல் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அழுததும் அதற்குத்தான், கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். அவள் அவர் சட்டைப் பித்தான் ஒன்றைக் கழற்றிக் கையை உள்ளே விட்டாள். "மூச்சை இழுத்து விடுங்க" என்றாள். வலது விலாவுக்குக் கீழே விரல்களை மடக்கி அழுத்தினாள். அவர் மூச்சு இழுத்தபோது உள்ளிருந்து ஒரு உருண்டை வந்து விரலில் இடித்தது, வழவழவென்று, எலுமிச்சம்பழம் போல, வலி இல்லாமல். வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கும், கல் என்றால் எடுத்துப் போட்டுவிடலாம். வலிக்காமல் இப்படிக் கைக்குத் தட்டினால் என்னவென்று அவள் விரல்களுக்குத் தெரியும், எத்தனையோ பேர் வயிற்றில் தொட்டுவிட்டு, முகத்தை மாற்றாமல், டாக்டர் வந்து சொல்லுவாங்க என்று போர்வையை மூடிவிட்டு நகர்ந்த விரல்கள். இங்கே போர்வை இல்லை, நகர்ந்து போக வேறு கட்டிலும் இல்லை. மனாசே அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கேட்கப்படுகிறவள் அவள்தான். வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு சுலபம் என்று அந்த ஒரு நொடி அவளுக்குத் தெரிந்தது.

"பயப்படணுமா?" என்றார்.

"ஆமா" என்றாள். "இன்னைக்கே போணும்."

"சரி" என்றார் மனாசே. தோள் இறங்கியது. அழுகை நின்றிருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்தார், மாட்டவில்லை, சட்டைப்பைக்குள் வைத்தார்.

எட்வின் மைக்கில் தட்டி ஜெபத்தை அடக்கினார். சத்தம் ஓய்ந்ததும் கீழே பார்த்தவர் எப்சிபாயைக் கண்டார். அவர் முகம் மலர்ந்தது, ஒரு பெரிய பாலிசி கைக்கு வந்த மாதிரி மலர்ந்தது. "நாற்காலியில இருந்த சகோதரி இன்னைக்கு முழங்காலுக்கு வந்திருக்காங்க" என்றார் எதிரொலியோடு. "கர்த்தர் அவங்க மனசை உடைச்சிருக்கிறார். அவங்களே முடிவு ஜெபம் பண்ணட்டும்." குனிந்து மைக்கை நீட்டினார். எப்சிபாய் அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். "அதை அங்கிட்டு வைங்க" என்றாள். மனாசேயின் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள். தூக்கும்போது பாரமே இல்லை, அது அவளை உலுக்கியது. வாசல்வரை வயலட் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, முடிவு ஜெபம் இல்லாமப் போகக்கூடாது. சாப்பாடு வேற ஆயிட்டு."

"நீங்க முடிச்சிருங்க, வயலட்."

"அண்ணனுக்கு என்ன செய்யுது? மயக்கமா?"

"ஆமா, மயக்கம்" என்றாள் எப்சிபாய். வயலட்டிடம் இதற்குமேல் சொன்னால் எட்வின் வரைக்கும் போகும், அடுத்த வெள்ளிக்கு ஒரு வெளிப்பாடாகத் திரும்பி வரும்.

வெளியே வெயில் கொளுத்தியது. மனாசேயை மதில் நிழலில் நிறுத்திவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நடுரோட்டில் நின்று ஆட்டோவுக்குக் கையை நீட்டினாள். எந்த டாக்டரிடம் முதலில் போவது, எந்த ஸ்கேன், இந்த நேரத்துக்கு யார் இருப்பார்கள், மனசு அதுபாட்டுக்கு வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே வேறொன்று எழும்பியது. முதலில் அது என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. ஜெபம் என்று சொல்ல முடியாது, ஜெபத்துக்குரிய மரியாதை அதில் ஒன்றும் இல்லை. இரவு டியூட்டியில் ஒரு நோயாளி கைவிட்டுப் போகிற நேரத்தில், வீட்டில் தூங்குகிற பெரிய டாக்டருக்குப் போன் போட்டு எழுப்புவாளே, பதவியும் பயமும் பார்க்காமல், அந்தக் குரல். கேக்குதா. நான்தான். இந்தத் தடவை ஒன்றும் தருவதாகச் சொல்ல மாட்டேன், என்னிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு வரவில்லை, அதை மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை, அந்தக் கணக்கு நமக்குள் தனியாக இருக்கட்டும். இப்போது வாரும். எட்வின் மாதிரி யாரையாவது அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிடாதேயும். நீர் வாரும். குணமாக்குவீரோ மாட்டீரோ, முதலில் வந்து பக்கத்தில் நில்லும், என்னால் ஒற்றை ஆளாகப் பார்க்க முடியாது.

ஒரு ஆட்டோ வந்து நின்றது. மனாசேயை முதலில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பழக்கத்தில் விரல் நாடிக்குப் போனது, எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். வண்டி மெயின்ரோட்டில் ஏறியதும் மனாசே அவள் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். அந்த அசதியான தலையை அவள் தள்ளவில்லை. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார்.

"யார்ட்டம்மா பேசுதிய?" என்றார். "இவ்வளவு கோவமா?"

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு, எப்சிபாய் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.